வாய்க்காலுக்குப் பின்னால் இறங்கும் தண்ணீர்



ஓட்டு வீட்டு எறவாணத்தில் மழைத்தண்ணி பிடிக்கத் தகர வாய்க்கால் கட்டுகிறோம். ஆனா தண்ணீரில் ஒரு பங்கு வாய்க்காலுக்குப் பின்பக்கமாப் போய்ச் சுவரில் இறங்கிடுது. உடனே "வாய்க்கால் ஓட்டை"ன்னு சொல்லிடுவாங்க. ஓட்டு நுனிக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் உள்ள சந்தை யாரும் பார்ப்பதில்லை.

ஏன் பின்னால் போகுது?

தண்ணீருக்கு ஒட்டும் குணம் உண்டு. விளிம்பு இல்லாத கிளாஸில் தண்ணீர் எடுத்து மெதுவாச் சாய்த்துப் பாருங்கள். வெளிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே கீழே வழியும். விளிம்பு வைத்த டம்ளரில் சாய்த்தால் தனியாக விழும். ஓட்டிலும் இதேதான். பெருமழையில் தண்ணீர் தாவி விழும். தூறலில் ஓட்டின் அடிப்பக்கத்தை ஒட்டித் திரும்பி, ரீப்பர், கைமரம் வழியாச் சுவருக்குப் போகும்.

என்ன நஷ்டம்?

கைமரம் உளுத்துப்போகும். மண்சுவர் ஊறினால் இடிந்தே விழலாம். தண்ணீரும் வீண். 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலக் கூரையில் 10 மி.மீ. பெய்தால் 200 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 13 குடத்துக்கு மேல்! தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமானது. சந்தை மூடாமல் தொட்டி மட்டும் கட்டினால் தொட்டி எப்படி நிறையும்?

சரிசெய்யும் முறை

1. நாகமுலாம் பூசிய தகரத்தில் சுமார் 6 அங்குல அகலப் பட்டை வெட்டணும்.
2. மேல்பாதியைக் கடைசி வரிசை ஓட்டுக்கு அடியில், ரீப்பர் மேல் செருகணும்.
3. கீழ்பாதியை மடக்கி வாய்க்காலுக்குள் இறங்க விடணும். நுனியை டம்ளர் விளிம்பு மாதிரி கொஞ்சம் வெளியே வளைக்கணும். இதுதான் முக்கியம்!
4. இரண்டு பட்டை சேரும் இடத்தில் 4 அங்குலம் ஏறியிருக்கணும். வாய்க்காலின் மேட்டுப்பக்கப் பட்டை மேலே, பள்ளத்துப்பக்கப் பட்டை கீழே.
5. ஆணி, ஓடு மூடும் மேல்பாதியில் மட்டும். தண்ணீர் ஓடும் இடத்தில் அடித்தால் அதுவே புது ஓட்டை.
6. ஓட்டின் மேல் மெதுவா ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அடியில் ஒருவர் பார்க்கணும்.

கவனம்: ஏணி வேலை பெரியவர்களுக்கு. பக்கத்தில் கரண்ட் கம்பி இருக்கான்னு முதலில் பார்க்கணும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையை அறுக்கவோ துளை போடவோ கூடாது. அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும்.

கல்லிலும் இதே பாடம்

மதுரைப் பக்கம் மாங்குளத்தில் சமண முனிவர்கள் தங்கிய குகைகளின் நெற்றியில், 2000 ஆண்டுகளுக்கு முன்பே காடி வெட்டியிருக்கிறார்கள். பாறையை ஒட்டி வரும் தண்ணீர் உள்ளே போகாமல் அங்கேயே சொட்டிவிடும். நம்ம தளவானூரில் மகேந்திரவர்ம பல்லவன் 7-ஆம் நூற்றாண்டில் குடைந்த சத்ருமல்லேஸ்வரம் கோயிலைப் பாருங்கள். முகப்புக்கு மேல் கொடுங்கை வளைந்து முன்னே நிற்கும். பழைய மரக்கூரை எறவாணத்தின் வடிவம்தான் அது. நம் மாவட்டத்து மண்டகப்பட்டில் இதே மன்னன் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் அமைத்ததாகக் கல்வெட்டில் சொல்கிறான். ஒரே பாறையில் குடைந்தால் ஓட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் சந்து ஏது? நம் வீடு மண், மரம், ஓடு என்று பல பொருள் சேர்ந்தது. சேரும் இடமெல்லாம் சந்து. அதனால்தான் நமக்கு அந்த உலோகப் பட்டை தேவைப்படுது.

அடுத்த தூறலின்போது உங்க வீட்டு எறவாணத்தின் அடிப்பக்கம் நிமிர்ந்து பாருங்கள். ஈரம் இருந்தால் வீட்டில் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒரு பட்டைத் தகரம் போதும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி