அப்பாவுக்கு யுபிஐ சொல்லித் தர்றீங்களா? இதைப் படிச்சிட்டு ஆரம்பிங்க



"எத்தனை தடவைப்பா சொல்றது? போனைக் கொடுங்க, நானே அனுப்பிடறேன்."

இந்த வசனத்தை நீங்களும் வீட்டில் சொல்லியிருப்பீங்க. நானும் சொல்லியிருக்கேன். இது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை, பணம் சம்பந்தப்பட்டதும்தான்.

கேட்டா எரிஞ்சு விழுவோம்னு தெரிஞ்சா, அடுத்த தடவை நம்மகிட்ட கேட்க மாட்டாங்க. முன்பின் தெரியாத யார்கிட்டயாவது போனை நீட்டுவாங்க. அதைவிட மோசம், ஏமாந்துட்டாக்கூட திட்டுக்குப் பயந்து ரெண்டு நாள் மறைச்சு வைப்பாங்க. மோசடியில் போன பணத்தைத் தடுக்க முதல் சில மணி நேரம்தான் முக்கியம். நம்ம கோபம் அந்த நேரத்தைத் தின்னுடும்.

யுபிஐ வந்ததே 2016-ல்தான். அதுக்கு முன்னாடி பல வருஷம் பாஸ்புக், செலான்னு பழகினவங்க அவங்க. ஒரு அப்டேட் வந்தா, நேத்து இருந்த பட்டன் இன்னைக்கு வேற இடத்துல இருக்கு. தடுமாறத்தான் செய்வாங்க.

எப்படிச் சொல்லித் தரலாம்?

1. தனிக் கணக்கு: ஓய்வூதியமோ சேமிப்போ இருக்கிற கணக்கை யுபிஐ-யோட இணைக்க வேண்டாம். ரெண்டாயிரம், மூவாயிரம் மட்டும் இருக்கிற கணக்கு போதும். தப்பு நடந்தாலும் நஷ்டம் சின்னது.

2. போன் அவங்க கையில்: நீங்க வாயால மட்டும் சொல்லுங்க. உங்களுக்கே 10 ரூபாய் அனுப்பச் சொல்லுங்க. நாளைக்கும் அதையே செய்யட்டும்.

3. ஒரு நாளைக்கு ஒரு பாடம்: இன்னைக்குப் பணம் அனுப்புறது. கரண்ட் பில் அடுத்த வாரம். படிகளை அவங்களே தமிழ்ல நோட்டுல எழுதட்டும்.

4. மனப்பாடம் ஆக வேண்டிய ஒரே விதி: பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேணும், நமக்குப் பணம் வர பின் நம்பர் தேவையே இல்லை. கேட்டா அது மோசடி.

5. 1930: சைபர் மோசடிப் புகார் எண். போன்ல சேமிச்சுக் கொடுங்க. பேங்க்குக்கும் உடனே சொல்லணும்.

கடைசியா, இதை அவங்ககிட்ட இன்னைக்கே சொல்லுங்க: "பணம் போனாலும் பரவாயில்லப்பா, நான் திட்ட மாட்டேன். முதல்ல எனக்கு போன் பண்ணுங்க."

சொன்னா மட்டும் போதாது. அஞ்சாவது தடவை அதே கேள்வியைக் கேட்கும்போது நீங்க எப்படிப் பதில் சொல்றீங்களோ, அதை வெச்சுத்தான் அவங்க இதை நம்புவாங்க.