கடற்கரைப் பள்ளியில் அடங்கியிருப்பவர் யார்?

கேள்வி: கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளி ஸியாரத்தில் அடங்கியிருப்பவர் யார்? உம்மும்மா ஒரு பேர் சொல்கிறார், மாமா அங்கே ஒன்றுமேயில்லை என்கிறார்.
– ஒரு வாசகி, மருதமுனை

பதில்: இரண்டு பேரும் சரிதான் மகள்! உம்மும்மா சொல்லும் பேர் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வாகத்தான் இருக்கும். அவர் 16ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு நாகூரில் மறைந்து, அங்கேயே அடக்கமானவர். கல்முனைக்குடியில் இருப்பது அவர் நினைவாக எழுப்பிய ஸியாரம், உள்ளே ஜனாஸா இல்லை. நாகூரில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த 131 அடி மினாரா நிற்கிறது. சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலும் 1828–30இல் இதே மாதிரி நினைவு தர்கா ஒன்றைக் கட்டினார்கள். கப்பல் ஏறிப் போன இடமெல்லாம் நம்மவர்கள் நாகூராரையும் கூட்டிப் போனார்கள். ஓட்டை விழுந்த கப்பலைக் கண்ணாடி எறிந்து அடைத்தவர் என்ற கதை அவருக்குண்டு. தோணிக்காரர் ஊரில் அதைவிட வேறென்ன வேண்டும்?

ஜமாதுல் ஆகிர் மாதம் பிறந்ததும் ஊர்ப் பெரிய பள்ளியிலிருந்து கொடி ஊர்வலமாக வரும், கடற்கரைப் பள்ளி மினாராவில் ஏறும். பிறகு 12 நாள் மவுலூது. பாவாமார் றபான் தட்டுவார்கள், பிள்ளைகள் மிட்டாய்க் கடையை விட்டு நகரமாட்டார்கள். கடைசியில் கந்தூரிச் சோறு.

இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்பவர்கள் ஊரில் அதிகம். மாமாவும் அந்தப் பக்கம்போல. அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் இந்தக் கரையை வாரிச் சுருட்டியது. அதற்குப் பிறகும் அங்கே கொடி ஏறுகிறது.