வீடு இங்கே, பிழைப்பு அங்கே

கேள்வி: குடிசையிலிருந்து அடுக்குமாடிக்கு மாறிய பிறகும் பல குடும்பங்களின் கஷ்டம் தீராதது ஏன்?

பதில்: சென்னை கண்ணகி நகரையே எடுத்துக்கொள்ளலாம். கூவம், அடையாறு கரைகளில் இருந்த மக்களை 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே குடியேற்றினார்கள். இன்று 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். மழைக்கு ஒழுகாத கூரை கிடைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் பிழைப்பு, தூரத்தில் விட்டு வந்த ஊருக்குள்ளேயே தங்கிவிட்டது.

அதிகம் அடிபட்டவர்கள் பெண்கள். முன்பு நடந்தே போய் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புமுன் வந்துவிடலாம். குடிபெயர்ந்த பிறகு பஸ்ஸிலேயே பாதிப் பொழுது போனது. மூன்று வீடு ஒன்றானது, பலருக்கு அதுவும் நின்றது. கூடவே கரன்ட் பில், பராமரிப்புக் கட்டணம். சம்பளம் குறைந்து செலவு கூடினால் வட்டிக்கு வாங்காமல் என்ன செய்வது?

கண்ணகி நகர் என்று விலாசம் சொன்னதும் வேலை தர யோசிக்கும் முதலாளிகளும் உண்டு. இது அப்பட்டமான அநியாயம்.

2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காசு மிச்சம், பயண நேரம் மட்டும் குறையவில்லை.