முன்வேதங்களில் நபிகளார்: வாதிடுமுன் அறிய வேண்டியவை

"பைபிளில் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரே இருக்கிறதாமே, உண்மைதானா?" என்று நம்மிடம் பலர் கேட்கின்றனர். கேட்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். கிறிஸ்தவ நண்பருடன் பேச்சு வளர்ந்து வாதமாகி, அந்த நண்பர் அகராதியைப் பிரித்துக் காட்டியதும் வாயடைத்துப் போனவர்கள். அதோடு நின்றால் கவலையில்லை. நாம் காட்டிய சான்று நிற்கவில்லையென்றால் மார்க்கமே நிற்காதோ என்ற கலக்கத்துடன் சிலர் வருகின்றனர். ஆகவே இதனைச் சற்று விரிவாக எழுதுகின்றோம்.

நம்மிடம் உறுதியாக உள்ளது எது? எழுத்தறியாத இந்நபியைப் பற்றிய குறிப்பை வேதக்காரர்கள் தம்மிடமுள்ள தவ்ராத்திலும் இன்ஜீலிலும் காண்கின்றனர் என்று அஃராஃப் சூராவின் 157ஆம் வசனம் அறிவிக்கின்றது. தமக்குப் பின் அஹ்மத் என்ற பெயருடைய தூதர் வருவார் என்று ஈஸா (அலை) அவர்கள் நன்மாராயம் கூறியதை ஸஃப்பு சூராவின் 6ஆம் வசனம் சொல்கின்றது. இவ்விரண்டும் நம் ஈமானைச் சேர்ந்தவை. ஆயின் இன்று அச்சில் கிடைக்கும் பைபிளில் எந்த ஆகமம், எத்தனையாவது வசனம் என்று குர்ஆன் சுட்டவில்லை. "இதோ, இந்த இடம்தான்" என்று விரல் வைப்பது நம் ஆலிம்களின் ஆராய்ச்சி. ஆராய்ச்சி சரியாகவும் இருக்கலாம், பிழைபடவும் கூடும். அதை வஹீயின் இடத்தில் ஏற்றி வைப்பதால்தான் இந்தக் கலக்கம் பிறக்கின்றது.

பெயர் இருக்கிறது என்போர் காட்டுவது உன்னதப்பாட்டு 5:16. அங்கே எபிரேய மூலத்தில் 'மஹமத்தீம்' என்ற சொல் வருகின்றது. காதில் விழும்போது நெஞ்சம் குளிரத்தான் செய்யும். அரபியின் 'ஹம்து' என்ற வேருக்கு உறவான வேரிலிருந்து வந்த சொல்தான் அது. ஆனால் எபிரேயத்தில் அது விரும்பத்தக்கது, அருமையானது என்று பொருள்படும் பொதுச்சொல். எசேக்கியேல் 24:16ல் இதே சொல்லின் ஒருமை வடிவம் வருகின்றது. அத்தீர்க்கதரிசியின் கண்ணுக்கு இனியதை எடுத்துக்கொள்ளப் போவதாக இறைவன் சொல்ல, அன்று மாலையே அவருடைய மனைவி இறந்துபோகின்றார். முதலிடத்தில் அதைப் பெயராகக் கொள்பவர் இரண்டாமிடத்தில் என்ன செய்வார்? இந்தச் சான்றை விட்டுவிடுவதே நலம் என்பது நம் கருத்து.

உபாகமம் 18:18 அப்படிப்பட்டதன்று. நின்று யோசிக்க வேண்டிய இடம். இஸ்ரவேலரின் சகோதரர்களிலிருந்து மூஸா (அலை) அவர்களைப் போன்ற ஒரு நபியை எழுப்பி, தன் வார்த்தைகளை அவர் வாயில் அருளப் போவதாக இறைவன் கூறும் வசனம் இது. தென்னாப்பிரிக்காவின் அஹ்மத் தீதாத் (2005ல் மறைந்தவர்) இதை உலகெங்கும் எடுத்துச் சொன்னார். மூஸா (அலை) அவர்களும் நம் நபி (ஸல்) அவர்களும் தாய் தந்தை இருவருக்கும் பிறந்தவர்கள். மணமுடித்து மக்களைப் பெற்றவர்கள். ஷரீஅத் கொண்டு வந்தவர்கள். தம் வாழ்நாளிலேயே சமுதாயத்தை ஆண்டவர்கள். ஈஸா (அலை) அவர்களின் வரலாறு வேறு. சகோதரர் என்ற சொல் இஸ்ரவேலருக்கு வெளியேயும் செல்லும் என்பதற்கு அதே உபாகமம் 23:7 ஆதாரம். அங்கே ஏதோமியர் சகோதரர் எனப்படுகின்றனர். அப்படியானால் இஸ்மாயீல் (அலை) அவர்களின் சந்ததியையும் அப்படிச் சொல்லலாமன்றோ?

இதுவரை நம் இளைஞர்களுக்கு மனப்பாடம். எதிரில் அமர்ந்திருப்பவர் ஓர் அதிகாரம் பின்னே புரட்டுவார் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. 17:15ல் அரசனை உன் சகோதரர்களிலிருந்தே ஏற்படுத்த வேண்டும், அந்நியனை அல்ல என்று வருகின்றது. அங்கே சகோதரர் என்றால் இஸ்ரவேலர் மட்டுமே. யூதர்களில் பலர் இதை மூஸா (அலை) அவர்களுக்குப் பின் வந்த நபிமார்களின் வரிசைக்குக் கொள்கின்றனர். அப்போஸ்தலர் நடபடிகள் 3:22ல் பேதுரு இதை ஈஸா (அலை) அவர்களுக்குப் பொருத்துகின்றார். நாமோ மூஸா (அலை) அவர்களைப் போன்ற நபி இஸ்ரவேலில் பின்னர் எழும்பவில்லை என்னும் உபாகமம் 34:10ஐ எடுத்துக்காட்டலாம். எல்லாவற்றையும் எடைபோட்ட பின்னும் இவ்வசனம் நம் நபி (ஸல்) அவர்களுக்கே அதிகம் பொருந்துகிறது என்றே நாம் கருதுகின்றோம். கருதுகின்றோம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் போட்டிருக்கின்றோம்.

அடுத்தது யோவான் 14:16. தமிழ் பைபிளில் 'தேற்றரவாளன்' என்றிருக்கும் இடத்தில் கிரேக்கச் சொல் 'பாரக்லீத்தோஸ்'. இது முன்பு புகழப்பட்டவர் என்று பொருள்படும் 'பெரிக்லூத்தோஸ்' என்றிருந்தது, நம் நபி வந்த பின் மாற்றிவிட்டனர் என்று மேடைகளில் முழங்குகின்றனர். ஆனால் லண்டனில் பெரும்பகுதி இருக்கும் சினாய் ஏடும் வத்திக்கான் ஏடும் 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நம் நபி (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகள் முந்தியவை. அவற்றில் பாரக்லீத்தோஸ் என்றே உள்ளது. ஸீராவை முதலில் தொகுத்தவர்களில் ஒருவரான இப்னு இஸ்ஹாக் இந்த நன்மாராயத்தை எடுத்தெழுதும்போது, தேற்றுபவர் எனப் பொருள்படும் சிரியச் சொல்லையே வைத்துப் பேசுகின்றார். எழுத்தை மாற்றினார்கள் என்ற வாதம் அவருக்குத் தேவைப்படவில்லை. 'வேறொரு' தேற்றரவாளன் என்பதால் முதல்வரைப் போன்ற இன்னொருவர் என்று நாம் கேட்கலாம்; நியாயமான கேள்வி. அதே அதிகாரத்தின் 26ஆம் வசனம் அவரைப் பரிசுத்த ஆவி என்பதை நண்பர் காட்டும்போது கேட்கவும் வேண்டும்.

யூதர்கள் தவ்ராத்தை எபிரேயத்தில் ஓதி முஸ்லிம்களுக்கு அரபியில் விளக்கி வந்தபோது, அவர்களை மெய்ப்படுத்தவும் வேண்டாம், பொய்ப்படுத்தவும் வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி புகாரியில் உள்ளது. அறியாத இடத்தில் நிறுத்திக்கொள்ளும் இந்தப் பழக்கம் நம் சபைகளில் குறைந்துவிட்டது. தொலைந்த பொருளைத் தேடுபவன் அதைத் தான் கண்டாலும் பிறர் கண்டுகொடுத்தாலும் மகிழ்வதைப் போல வாதிப்பவன் இருக்க வேண்டும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் நிபந்தனை விதிக்கின்றார்கள். நம்மில் எத்தனை பேர் தேறுவோம்?

1854 ஏப்ரலில் ஆக்ராவில் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) அவர்களும் ஃபண்டர் பாதிரியாரும் வாதிட்டனர். மௌலானாவுக்குத் துணைநின்ற டாக்டர் வஸீர்கான், இங்கிலாந்தில் படித்தபோது பைபிள் ஆய்வு நூல்களைச் சேகரித்து வந்தவர். பாதிரியாரிடம் அவர்கள் சமயத்தாரின் நூல்களைக் கொண்டே பேசினர். ஐந்து தலைப்புகள் குறிக்கப்பட்டிருந்தன. இரண்டு நாட்களில் நஸ்கும் தஹ்ரீஃபும் மட்டுமே பேசப்பட்டு விவாதம் நின்றது. நபித்துவம் என்ற தலைப்புக்கு வரவேயில்லை. அவ்வளவு ஆயத்தத்துடன் வந்தவர்களின் நிலை அது. நம்மவர்களோ தேநீர்க்கடையில் அதிலிருந்தே தொடங்குகின்றனர்!

எடுத்துச் சொல்ல ஓரிடம் வேண்டும் என்பவர்களுக்கு ஏசாயா 42ஐக் காட்டுவோம். தவ்ராத்தில் நபி (ஸல்) அவர்களின் வர்ணனை என்னவென்று கேட்கப்பட்டபோது அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் சொன்ன பதில் புகாரியில் பதிவாகியுள்ளது. கடுஞ்சொல்லர் அல்லர், கடைவீதிகளில் கூச்சலிடுபவர் அல்லர், தீமைக்குத் தீமை செய்யாமல் மன்னிப்பவர் என்று அது செல்கின்றது. ஏசாயாவின் அந்த அதிகாரத்துத் தொடக்கம் இதனை மிகவும் ஒத்திருக்கின்றது. 11ஆம் வசனத்தில் கேதாரின் பெயர் வருகின்றது. கேதார், இஸ்மாயீல் (அலை) அவர்களின் மகன் என்பது ஆதியாகமம் 25:13ல் உள்ளது. மத்தேயு 12ஆம் அதிகாரம் இதே பகுதியை ஈஸா (அலை) அவர்களுக்கு உரியதாக்குகின்றது. 41:8ல் இஸ்ரவேலே இறைவனின் தாசன் எனப்படுவதால் யூதர்கள் தம் சமுதாயத்தையே இதில் காண்கின்றனர். இப்பகுதியைக் கொண்டு பேசப் போகும் தம்பி, அதே 42ஆம் அதிகாரத்தின் 19ஆம் வசனத்தில் அந்தத் தாசன் குருடன் என்று அழைக்கப்படுவதையும் படித்து, அதற்கு என்ன பதில் சொல்வது என்று ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொண்டு செல்லட்டும்.