முட்டைக் காசு பெண்ணின் கையில்

கொழுந்து குறைந்த மாதத்தில் அரைப்பேரோடு வீடு திரும்பும் தாய்மார் கடைக்காரரின் கடன் கொப்பியைத்தான் நம்பவேண்டியிருக்கிறது. லயத்துக் கோடியில் நாலைந்து நாட்டுக்கோழி வளர்த்தால் அந்தக் கடனைக் கொஞ்சம் குறைக்கலாம். "நாங்களும் வளர்க்கிறோம்தானே, ஒன்றும் மிஞ்சுவதில்லையே" என்று பலர் எங்களிடம் சொல்வதுண்டு. மிஞ்சாததற்குக் காரணம் குஞ்சுகள் சாவதுதான்.

கணக்கைப் பாருங்கள். 10 முட்டை அடை வைத்து, 21 நாளில் 8 குஞ்சு பொரித்ததாக வைத்துக்கொள்வோம். குளிர், காகம், பருந்து, நோய் என்று 6 போனால் மிச்சம் 2. அந்த எட்டில் 6 தப்பினால் அதே கோழியில் மூன்று மடங்கு வரவு!

குஞ்சுகளைக் காப்பாற்ற நாம் செய்யவேண்டியவை:

1. முதல் நாலு வாரம் இரவில் தாயையும் குஞ்சையும் பெரிய கூடையால் மூடி, மேலே சாக்குப் போடுங்கள். கீழே காய்ந்த மரத்தூள் பரப்புங்கள். நனைந்தால் உடனே மாற்றுங்கள். மலைக்குளிரில் ஈரம் குஞ்சுக்கு எமன்.

2. தண்ணீரைத் தட்டையான பாத்திரத்தில், நடுவே சிறு கற்கள் போட்டு வையுங்கள். குஞ்சு விழுந்து சாகாது.

3. இராணிக்கெட் நோய் வந்தபின் மருந்தில்லை. முன்கூட்டியே தடுப்பு மருந்து கொடுக்கவேண்டும். ஒரு குப்பி நூற்றுக்கணக்கான கோழிகளுக்குக் காணும். கரைத்தால் ஓரிரு மணித்தியாலத்துக்குள் முடித்துவிடவேண்டும். ஒரு வீட்டார் மட்டும் வாங்கினால் வீண்செலவு. ஆகவே லயத்தார் எல்லாரும் சேர்ந்து, அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு, ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. செத்த கோழியை ஓடையில் வீசாதீர்கள். ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

5. கூட்டைக் காம்பராவுக்கு வெளியே கட்டுங்கள். எச்சத்தை மக்கவைத்தால் மரக்கறித் தோட்டத்துக்கு நல்ல பசளை.

கடைசியாக ஒரு வார்த்தை. மனைவியின் சம்பளத்தைக் கணவனே போய் வாங்கிவந்த காலம் நம் தோட்டங்களில் இருந்தது. முட்டைக் காசுக்கும் அந்த நிலை வரக்கூடாது. வளர்ப்பவள் கையிலேயே அது இருக்கட்டும். விற்றதையும் செலவையும் ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். இரண்டு மாதம் எழுதினாலே லாபமா நட்டமா என்று தெரிந்துவிடும்.

ஒன்றை மறக்கவேண்டாம் சகோதரிகளே: முதல் முட்டை பிள்ளைக்கு, மிச்சம் விற்பனைக்கு.