காப்பீட்டில் விடுபட்டவை

2005 ஜூலை 26 அன்று மும்பையின் சாந்தாகுரூஸ் பகுதியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பொழிந்தது. மகிழுந்துகள் நீரில் மூழ்கின. இத்தகைய வெள்ளத்தில், காப்பீடு செய்திருந்தும் இழப்பீடு பெறாதவர் உண்டு. ஏன்?

மோட்டார் வாகனச் சட்டம், 1988, மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியுள்ளது. அது வண்டியால் பிறருக்கு நேரும் இழப்பையே ஈடுசெய்யும். சொந்த வண்டியின் சேதத்திற்கு ஒரு காசும் தராது. முழுமைக் காப்பீடு பெற்றவர் வெள்ளச் சேதத்திற்கும் தொகை கோரலாம். எனினும், 'முழுமை' என்னும் சொல்லை அப்படியே நம்புதல் கூடாது. நீரில் நின்ற வண்டியை உரிமையாளர் அவசரப்பட்டு இயக்கினால், எஞ்சினுக்குள் நீர் புகுந்து அது பழுதாகும். அப்பழுது வெள்ளத்தால் நேர்ந்ததன்று, இயக்கியதால் நேர்ந்தது என நிறுவனம் மறுக்கக்கூடும். எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் காப்பைத் தனியே பெற்றிருந்தால் அத்தொகையைக் கோரலாம். ரப்பர், நெகிழிப் பாகங்களுக்கோ தேய்மானம் கழித்துப் பொதுவாகப் பாதி விலையே கிடைக்கும். எளிதில் உடையும் கண்ணாடிக்கு அக்கழிவு இல்லை என்பது சற்றே வியப்பு!

இவ்விலக்குகள் பத்திரத்தின் உட்பக்கங்களில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பத்திரம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், அதனைப் பெற்றோருக்குப் படித்துச் சொல்லும் பணி பல வீடுகளில் பிள்ளைகளுடையதாகிறது.

சிந்தித்து விடை எழுதுக:
வெள்ளம் வடிந்த பின்னும் வண்டியை இயக்காமல், பணிமனைக்கு இழுத்துச் செல்வது ஏன்?