டிரான்சிஸ்டர் வகைகள்: தொடக்க நிலை ஆர்வலர்க்கு ஓர் அறிமுகம்

தமிழகத்துச் சிற்றூர்களில் 'டிரான்சிஸ்டர்' என்னும் சொல் நெடுங்காலம் வானொலிப் பெட்டியையே குறித்து வந்தது. பெட்டியினுள் அமைந்த சிறியதோர் உறுப்பின் பெயர் பெட்டி முழுமைக்கும் ஆகி வந்தமையின், இதனைச் சினையாகுபெயர் என இலக்கணம் கற்றோர் எளிதில் இனங்காண்பர். முதலுக்கே தன் பெயரை வழங்கிய அச்சினை யாது, அதன் வகைகள் எவை, அவற்றைத் தேர்ந்து கையாளும் முறை யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மின்னணுவியலைப் பொழுதுபோக்காகப் பயிலத் தொடங்கும் மாணவர் பலர், கடைக்குச் சென்றதும் எண்களின் கூட்டத்தைக் கண்டு மலைக்கின்றனர். கேட்டது இல்லையெனில் கடைக்காரர் அதனையொத்த வேறொன்றைத் தருகிறார். இரண்டும் மூன்று கால்களையுடைய கரிய மணிகளே. வீட்டில் வந்து பொருத்தினால் சுற்று இயங்குவதில்லை. சில வேளைகளில் உறுப்பு சுட்டுக் கருகுகிறது. 'இக்கலை நமக்கு வாராது' என்று மாணவர் அன்றோடு கைவிடுகின்றனர். உண்மையில் அங்கே குறைந்தது அறிவன்று. கேட்க வேண்டிய நான்கு வினாக்கள் கேட்கப்படவில்லை என்பதே குறை. அவை இனம், பால், கால், அளவு என்னும் நான்கைப் பற்றியவை.

பெயரும் பிறப்பும்

1947ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் பார்டீன், வால்டர் பிராட்டேன் ஆகிய இருவரும் ஜெர்மானியத் துண்டொன்றைக் கொண்டு முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினர். அடுத்த ஆண்டில் வில்லியம் ஷாக்லி, உறுதிமிக்க சந்தி வகையின் கோட்பாட்டை வகுத்தார். இம்மூவரும் 1956ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். பெயர் சூட்டியவர் அதே ஆய்வகத்தைச் சார்ந்த ஜான் பியர்ஸ். தமிழில் திரிதடையம் என்னும் பெயரும் வழங்குகிறது.

இதன் தொழிலை விளக்க ஏரி மதகு ஒன்றே போதும். மதகைத் திருகும் கையின் விசை சிறிது. அதனால் அடங்கியும் பெருகியும் ஓடும் நீரோ பெரிது. அந்நீரின் ஆற்றல் ஏரிக்குரியதேயன்றிக் கைக்குரியதன்று. அவ்வாறே டிரான்சிஸ்டர் மின்னாற்றலைத் தானே படைப்பதில்லை. மின்கலம் தரும் பெரிய ஓட்டத்தைச் சிறிய குறிப்பால் ஆள்கிறது.

முதல் வினா: இனம்

டிரான்சிஸ்டர்கள் இரண்டு பேரினங்களாகப் பகுக்கப்படும். முதலாவது, இருதுருவ வகை. இதன் முனைகள் உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என மூன்று. அடிவாயில் புகும் சிறு மின்னோட்டம் ஏற்பானில் பாயும் பெரு மின்னோட்டத்தை ஆளும். பெருக்கம் 100 எனில், அடிவாயின் 0.1 மில்லி ஆம்பியர் ஏற்பானில் 10 மில்லி ஆம்பியரை இயக்கும்.

இரண்டாவது, புல விளைவு வகை. இதன் முனைகள் சோர்ஸ், கேட், டிரெயின் எனப்படும். இங்கு ஆள்வது மின்னோட்டமன்று, மின்னழுத்தமே. இவ்வகையுள் மிகுதியாக வழங்குவது மாஸ்ஃபெட். எகிப்தில் பிறந்த முகம்மது அட்டல்லா, கொரியாவில் பிறந்த தாவோன் காங் ஆகிய இருவரும் பெல் ஆய்வகத்தில் 1959ஆம் ஆண்டு இதனை உருவாக்கினர். இன்று கணிப்பொறிச் சில்லுகளுக்குள் கோடிக்கணக்கில் அடங்கியிருப்பவை இவ்வினத்தவையே. கேட் முனை மெல்லிய காப்புப் படலத்தால் பிரிக்கப்பட்டிருப்பதால், உடலில் தேங்கும் நிலைமின்னும் அதனைத் துளைத்துக் கெடுக்கக்கூடும். ஆதலின் தொடுமுன் நிலத்தொடர்புள்ள உலோகப் பொருளொன்றைத் தொட்டுக் கொள்ளுதல் நலம்.

இரண்டாம் வினா: பால்

ஓரினத்துள்ளும் இரு பால்கள் உள. இருதுருவ வகையில் அவை என்பிஎன், பிஎன்பி. மாஸ்ஃபெட்டில் அவை என் தடம், பி தடம். சிலிக்கனால் ஆன என்பிஎன் வகையில், உமிழ்ப்பானைவிட அடிவாய் ஏறத்தாழ 0.7 வோல்ட் உயர்ந்தால் மின்னோட்டம் பாயும். பிஎன்பி வகையில் அடிவாய் அதே அளவு தாழ வேண்டும். ஆகவே சுவிட்சாகப் பயன்படும்போது, என்பிஎன்னின் உமிழ்ப்பானை எதிர்முனைப் பக்கமும் பிஎன்பியின் உமிழ்ப்பானை நேர்முனைப் பக்கமும் இணைப்பர். 'அவன் வந்தாள்' என்பது எவ்வாறு பால் வழுவோ, அவ்வாறே ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பொருத்துவதும் வழுவாகும். பிசி 547 என்பிஎன். அதன் இணை பிசி 557 பிஎன்பி. கல்லூரிச் சோதனைக்கூடங்களில் பழகிய எஸ்எல் 100, எஸ்கே 100 ஆகியனவும் இத்தகைய இணையே.

உறுப்பின் மேல் பொறித்த எழுத்துகளும் பொருளற்றவை அல்ல. ஐரோப்பிய முறையில் முதலெழுத்து ஏ எனில் ஜெர்மானியம், பி எனில் சிலிக்கன். இரண்டாம் எழுத்து சி எனில் சிறுதிறன் கொண்ட ஒலி அலைவெண் வகை, டி எனில் பெருந்திறன் வகை, எஃப் எனில் உயர் அலைவெண் வகை. எனவே பிசி 547 என்பதைச் 'சிலிக்கன், சிறுதிறன்' என்றும், பிடி 139 என்பதைச் 'சிலிக்கன், பெருந்திறன்' என்றும் படிக்கலாம். ஜப்பானிய முறையில் 2எஸ்ஏ, 2எஸ்பி என்பன பிஎன்பி. 2எஸ்சி, 2எஸ்டி என்பன என்பிஎன். '2எஸ்' என்பதை விடுத்துச் சி 1815 என்று மட்டும் பொறிப்பதும் உண்டு.

மூன்றாம் வினா: கால்

தொடக்க நிலையினர் மிகுதியும் இடறுவது இங்கேதான். தட்டையான முகம் நம்மை நோக்க, கால்கள் கீழ்நோக்குமாறு பிடித்து இடமிருந்து வலமாக எண்ணுவோம். பிசி 547இல் வரிசை ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான். 2என்3904இல் உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான். சி 1815இலோ உமிழ்ப்பான், ஏற்பான், அடிவாய். மூன்றும் என்பிஎன், மூன்றும் தோற்றத்தில் உடன்பிறந்தவை, கால் வரிசையோ மூன்று விதம். உருவொற்றுமை கண்டு கால்களை ஊகித்தல் கூடாது. தயாரிப்பாளர் வெளியிடும் தரவுத்தாளே இதற்குச் சான்று.

நான்காம் வினா: அளவு

பிசி 547 தாங்கும் பெரும அளவு 100 மில்லி ஆம்பியர், 45 வோல்ட். சிறு விளக்கொளி டையோடுக்கு இது போதும், மோட்டாருக்குப் போதாது. பிடி 139 ஏறத்தாழ 1.5 ஆம்பியரும், டிஐபி 31 ஏறத்தாழ 3 ஆம்பியரும் தாங்கும். இவை சூடேறுமிடத்து வெப்பத்தைக் கடத்தும் அலுமினியத் தகட்டை இணைத்தல் வேண்டும்.

ஒரு கணக்கால் இதனைத் தெளிவோம். 12 வோல்ட் ரிலே ஒன்றின் சுருள் மின்தடை 400 ஓம் எனில், அதற்குத் தேவை 30 மில்லி ஆம்பியர். பிசி 547 இதனை எளிதில் தாங்கும். சுவிட்சாக முழுமையாக இயங்க, ஏற்பான் மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 3 மில்லி ஆம்பியரை, அடிவாய்க்குத் தருவது வழக்கம். 5 வோல்ட்டிலிருந்து தருவதாயின், 0.7 போக எஞ்சிய 4.3 வோல்ட்டை 3 மில்லி ஆம்பியரால் வகுக்க, ஏறத்தாழ 1,430 ஓம் வரும். கடையில் கிடைக்கும் 1.5 கிலோ ஓம் மின்தடை பொருந்தும். ரிலேச் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்றை, வெள்ளைக் கோடுள்ள முனை நேர்முனைப் பக்கம் அமையுமாறு இணைக்க வேண்டும். இன்றேல் சுருள் அணையும் நொடியில் எழும் உயர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரை அழித்துவிடும்.

மாஸ்ஃபெட்டில் ஓரெழுத்தும் பொருள் மாற்றும். ஐஆர்எஃப்இசட் 44என் முழுமையாகத் திறக்கக் கேட்டிற்கு ஏறத்தாழ 10 வோல்ட் வேண்டும். ஐஆர்எல்இசட் 44என் என்பதோ 5 வோல்ட்டிலேயே நன்கு திறக்கும். 5 வோல்ட் நுண்கட்டுப்படுத்தியால் இயக்க விழைவோர் அந்த 'எல்' எழுத்தைத் தவறாது பார்க்க வேண்டும்.

கையில் உள்ளதைச் சோதித்தல்

எழுத்து அழிந்த உறுப்பையும் அறிய வழியுண்டு. டிஜிட்டல் மல்டிமீட்டரை டையோடு அளவில் வைப்போம். சிவப்பு முனையை ஒரு காலில் நிலைநிறுத்தி, கறுப்பு முனையால் மற்ற இரண்டையும் தொடும்போது இரு முறையும் 0.6 முதல் 0.7 வரை காட்டினால், அது சிலிக்கன் என்பிஎன். சிவப்பு நின்ற கால் அடிவாய். கறுப்பை நிலைநிறுத்தும்போது அவ்வாறு காட்டினால் பிஎன்பி. மற்ற இரு கால்களுள் சற்றே மிகுதியான அளவைத் தருவது உமிழ்ப்பான். எப்படித் தொட்டாலும் சுழியே காட்டினால் உறுப்பு கெட்டதென அறிக.

முடிவாக, மாணவச் செல்வங்களுக்கு நாம் கூற விழைவது இதுவே. ஆயிரம் எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்த டிரான்சிஸ்டர் கைக்கு வந்தாலும் அதன் இனம் யாது, பால் யாது, கால் வரிசை யாது, தாங்கும் அளவு யாது எனக் கேளுங்கள். விடை கிடைத்த பின்னரே மின்கலத்தை இணையுங்கள். ஒரு டிரான்சிஸ்டர் கருகினால் இழப்பு சில ரூபாய்களே. அதனைக் கண்டு ஒரு மாணவன் ஆர்வத்தையே கைவிட்டால் அவ்விழப்பை ஈடுசெய்தல் அரிது.